போகாத நீலம்

அந்தத் தெருவில் மாலை நேரத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பளிச்சக்கா கணவரைத் திட்டத் தொடங்கினால் ஆபீஸ் விடும் நேரத்து டவுன் பஸ் வந்துவிட்டது என்று பொருள். "ஏங்க! இன்னைக்குமா?" என்று முதல் குரல் எழும்போது எதிர்வீட்டில் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள். "உங்க பையில இருக்கறது பேனாவா, குழாயா?" என்பதற்குள் அது கொதித்துவிடும். "கழட்டுங்க முதல்ல, கழட்டிட்டு உள்ள வாங்க" என்பது வரும்போது எதிர்வீட்டுக்காரி டீயை வடிகட்டிக்கொண்டிருப்பாள். மனிதர் வாசலிலேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு, பரீட்சையில் தோற்ற பையனைப் போல உள்ளே போவார். இதைப் பார்க்க ஜன்னல் திரையை விலக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் தெரு விலக்கும்.

பளிச்சக்கா என்பது தெரு கொடுத்த பட்டம். அவள் வீட்டுக் கொடியில் துணி காய்கிற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் துணியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் காயப்போட்டார்கள். அப்படி ஒரு வெள்ளை. பிள்ளைகள் இல்லாத வீடு. அழுக்குச் செய்வதற்கென்று இருந்தவர் அவர் ஒருத்தர்தான். அந்த ஒருத்தரும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை.

தண்ணீர் வாரிய ஆபீசில் கோப்புக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. ஆபீசே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பழைய இங்க் பேனாவை விடவில்லை. அதுவும் கழுத்தைத் திருகி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை ஊற்றுகிற பேனா. இடது சட்டைப்பையில் அதைச் செருகிக்கொண்டு காலையில் வெள்ளையாகப் போவார். மாலையில் பையின் அடியில் ஒரு நீலத்தோடு வருவார். சில நாள் பொட்டளவு, சில நாள் உள்ளங்கையளவு. தெரு அவரை 'மைப்பை' என்றது. அவருக்கும் அது தெரியும். யாரோ விடலைப் பையன் பின்னாலிருந்து "மைப்பை!" என்று கத்தியதற்கு, "என்னப்பா?" என்று நின்று திரும்பிப் பார்த்த மனிதர் அவர்.

"கருநீலத்துல ரெண்டு சட்டை எடுத்தா என்ன? கறையே தெரியாது" என்று ஒருமுறை துணிக்கடையில் சொல்லிப் பார்த்தார்.

"கறை தெரியாதுன்னா கறை இல்லன்னு அர்த்தமா?" என்றாள் பளிச்சக்கா. கடைக்காரன் வாயைத் திறக்காமல் வெள்ளையை எடுத்துப் போட்டான்.

மை பாட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். ஒருமுறை அது புதுப் படுக்கை விரிப்பில் கவிழ்ந்ததிலிருந்து பாட்டில் ஆபீஸ் மேசை இழுப்பறைக்குக் குடிபோய்விட்டது. பேனா மட்டும் சட்டைப்பையில் போய் வந்துகொண்டிருந்தது.

கறை எடுக்க அவளிடம் ஒரு கைப்பக்குவம் இருந்தது. எலுமிச்சை, உப்பு, ஆறின பால், அப்புறம் ஒன்று. அந்த 'அப்புறம் ஒன்று' என்னவென்று எதிர்வீட்டுக்காரி எவ்வளவோ கறந்து பார்த்தாள். "அதெல்லாம் கையோட வரணும்" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவாள் பளிச்சக்கா. கறையை எடுத்த பிறகு கடைசி அலசலில் நாலு சொட்டு நீலம் கலப்பாள், வெள்ளை எடுப்பாக இருக்க. ஒரு நீலத்தை விரட்டிவிட்டு இன்னொரு நீலத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பது வேடிக்கைதான். அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அவர் போனது ஒரு மழைநாளில். காலையில் வழக்கம்போலத்தான் கிளம்பினார். "இன்னைக்காவது சட்டையைச் சட்டையா கொண்டுவாங்க" என்று வாசலில் நின்று சொன்னாள். "பார்க்கலாம்" என்று குடையை விரித்தார். மத்தியானம் ஆபீஸ் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பேனா, சட்டை.

வீடு முழுக்க ஆட்கள். நாற்காலி இரவல் வாங்கிப் போடுகிறவர்கள், போன் போட்டுச் சொல்கிறவர்கள், யாரைக் கட்டிக்கொண்டு அழுவது என்று தேடுகிறவர்கள். பளிச்சக்கா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். சட்டையை எடுத்து உதறினாள். சாய்ந்த வேகத்தில் பேனா மூடி கழன்றிருக்க வேண்டும். இடது பக்கம் பையிலிருந்து இடுப்புவரை ஒரே நீலம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய கறையை அவர் கொண்டுவந்ததில்லை.

அப்போது அவளுக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு பலரும் பலவிதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்தது. வாளியில் தண்ணீர் பிடித்தது, நனைத்தது, எலுமிச்சையைப் பிழிந்தது, தேய்த்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பேனாவையும் கழற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் உள்ளும் புறமும் தேய்த்து, குழாயில் தெளிந்த தண்ணீர் வரும்வரை காட்டி, டம்ளரில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கை ஈரமாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் காலை நாத்தனார் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அண்ணன் என்றால் உயிர். அண்ணியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. "என் அண்ணனைத் திட்டாம உங்களுக்கு ஒரு பொழுதாவது விடிஞ்சிருக்கா அண்ணி?" என்று ஒவ்வொரு வருகையிலும் ஒருமுறையாவது கேட்காமல் ஊர் திரும்பியதில்லை. எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியபோது கேட்டாள்:

"அண்ணி, அண்ணன் கடைசியா போட்டிருந்த சட்டையை ஆஸ்பத்திரியில குடுத்தாங்களாமே. எங்க?"

பளிச்சக்கா கொடியைக் காட்டினாள். அதில் தொங்கிக்கொண்டிருந்தது, பால் மாதிரி.

நாத்தனார் கொடியையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "துவைச்சுட்டீங்களா?"

"கறையா இருந்துச்சு."

"கறையா இருந்துச்சா? மனுஷன் போய் ஒரு பொழுது ஆகல. கை எப்படி அண்ணி வந்துச்சு உங்களுக்கு?"

நாத்தனாரின் குரல் அண்ணியின் குரலுக்கு ஒன்றும் இளைத்ததல்ல. தெரு முழுக்கக் கேட்டது. அன்று மாலைக்குள் தெரு இரண்டாகப் பிரிந்து, 'கல்நெஞ்சக்காரி' என்று ஒரு பாதியும், 'பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று மறுபாதியும் பேசிக்கொண்டது. பளிச்சக்காவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. உறைத்தது, ஊருக்குத் திரும்பும்போது நாத்தனார் சொன்னதுதான். இவள் அந்தச் சட்டையை மடித்து நீட்டினாள். நாத்தனார் வாங்கவில்லை.

"இது கடையில வாங்கின சட்டை மாதிரி இருக்கு அண்ணி. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அன்றைக்குத்தான் பளிச்சக்கா அலமாரியைத் திறந்தாள். அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏதாவது ஒன்றில், பையின் மடிப்புக்குள்ளாவது, ஒரு நீலப் பொட்டு இருக்காதா? இல்லை. கைக்குட்டை, தலையணை உறை, துண்டு, அவர் சாய்ந்து உட்காரும் நாற்காலியின் துணி, எதிலும் இல்லை. படுக்கை விரிப்பில் கவிழ்ந்த அந்தப் பெரிய மைக்கு ஒரு நிழலாவது மிச்சமிருக்கும் என்று பெட்டியின் அடியிலிருந்து உருவிப் பார்த்தாள். புதுசு தோற்றுவிடும். வீடு துப்புரவாகக் கொள்ளை போயிருந்தது, கொள்ளைக்காரியும் அவளேதான்.

ஆபீசுக்குப் போய் மை பாட்டிலைக் கேட்டாள். அவர் நாற்காலிக்குப் புதிதாக வந்திருந்தவர் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினார். "மேசையைக் காலி பண்ணும்போது பழைய சாமானோட போட்டுட்டேம்மா. அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு." அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்ததாக அவள் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

தெருவில் இப்போது மாலைகள் ஊமையாகிவிட்டன. எதிர்வீட்டில் டீ ஒரு நாள் சீக்கிரம் ஆனது, ஒரு நாள் மறந்தே போனது. பளிச்சக்கா வீட்டுக் கொடியில் அவளுடைய துணி மட்டும் இரண்டொன்று தொங்கியது. அதுவும் சுமார் வெள்ளைதான். பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் துணியைத் துணிந்து வாசல் பக்கமே காயப்போட்டார்கள். ஆனால் அதில் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் நாத்தனார் போன் செய்தாள். பேச்சில் பழைய சூடு இல்லை. "ஞாயித்துக்கிழமை வர்றேன் அண்ணி. சும்மாதான். உங்களைப் பார்க்கணும் போல இருக்கு." பளிச்சக்கா போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து, அந்தக் கடைசிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது இது கடைச்சட்டையாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவருடைய நீலம் அவருடைய இடத்தில் இருக்க வேண்டும். மறுநாளே கிளம்பிவிட்டாள்.

பேனாக் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், போட்டோ ஸ்டுடியோவுக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவில் இருந்தது. கடை என்பதைவிட அகலமான அலமாரி என்று சொல்லலாம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"நீல இங்க் வேணும்" என்றாள்.

"எந்த நீலம்மா?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நீலம் என்றால் நீலம். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டில்களை இறக்கினார். வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு குச்சியை ஒவ்வொன்றிலும் தோய்த்து வெள்ளைத்தாளில் கோடு இழுக்கத் தொடங்கினார்.

"பேப்பர்ல வேணாம். இதுல காட்டுங்க." கைப்பையிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்து விரித்தாள். அவருடைய கைக்குட்டை.

குச்சி அந்தரத்தில் நின்றது. "துணியிலயா?"

"சட்டைக்குத்தான் வேணும்."

"மை கறையைப் போக்க வழி கேட்டு நிறைய பேர் வந்திருக்காங்கம்மா. கறை வைக்க மை கேட்டு நீங்கதான் முதல் ஆளு."

"வச்சுக்கோங்களேன்" என்றாள். சிரிப்பா எரிச்சலா என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. கைக்குட்டையின் ஓரத்தில் முதல் பொட்டை வைத்தார்.

"இது வெளுத்த நீலம். மூணு தண்ணி கண்ட துணி மாதிரி இருக்கு."

அடுத்தது. "இதுல பச்சை ஓடுது. சாயம் ஒட்டின ஜாக்கெட் இப்படித்தான் இருக்கும்."

அடுத்தது. "இது கறுப்பு. நீலம்னு யார் சொன்னா?"

"பாட்டில்ல போட்டிருக்கும்மா."

"போட்டவங்க கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்க."

கடைக்காரருக்கு ரோஷமும் வந்தது, உற்சாகமும் வந்தது. இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்து எத்தனை காலமாயிற்று! "நீங்களே சொல்லுங்க. எப்படிப்பட்ட நீலம்?"

அவள் கண்ணை மூடினாள். மாலையில் கதவைத் திறந்ததும் நெஞ்சில் அறைகிற அந்த நீலம். "ஸ்கூல் பிள்ளைங்க புதுப் பாவாடை, முதல் தண்ணி படறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்? அப்படி. அடர்த்தியா. பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல் வரணும்."

மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு சதுரப் பாட்டிலைக் கடைக்காரர் எடுத்துத் துடைத்தார். ஒரு பொட்டு வைத்தார். நூலுக்கு நூல் நகர்ந்து, அந்த நீலம் கைக்குட்டையில் கண் திறந்த மாதிரி விரிந்தது. ஆழமான நீலம். ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு மினுக்கு.

"இதுதான்" என்றாள் பளிச்சக்கா. "இதேதான். இதை ஊத்திக் குடுங்க, பேனா கொண்டுவந்திருக்கேன்."

பேனாவை மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மூக்கில் இறக்கி, பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சார் பேனா ஆச்சே! தண்ணி ஆபீஸ் சார். இந்தக் கிளிப்பை நான்தான் மாத்திக் குடுத்தேன். இவ்வளவு சுத்தமா இதை நான் பார்த்ததே இல்ல. சார் எங்கம்மா, ஆளையே காணோம்?"

அவள் பதில் சொல்வதற்குள் கடைக்காரர் அவள் முகத்தில் அதைப் படித்துவிட்டார். குச்சியைக் கீழே வைத்தார்.

"உட்காருங்கம்மா" என்று தன் முக்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம், தயங்கித் தயங்கி, "ஆனா இது சார் மை இல்லம்மா" என்றார்.

"இல்ல, இதேதான். எனக்குத் தெரியாதா? தினம் தினம் தேய்ச்சவ நான்."

அவர் மறுபேச்சுப் பேசாமல், அவள் முதலில் தள்ளிவிட்ட பாட்டிலை முன்னால் நகர்த்தினார். மூணு தண்ணி கண்ட துணி. "இதைத்தான் சார் வாங்குவார்."

"இந்த நோஞ்சானையா? பேசாம இருங்க."

"ஈரத்துல பார்த்தா எல்லா நீலமும் அடர்த்தியாத்தாம்மா தெரியும். நீங்க கோபத்துல வேற பார்த்திருப்பீங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "சார் வந்ததும் முதல்ல கேட்கிறது அந்தச் சதுரப் பாட்டிலைத்தான். மூடியைத் திறப்பார். குச்சியால தொட்டு ஒரு கோடு. அதையே பார்த்துக்கிட்டு நிப்பார். 'இதுதான்யா நீலம், மத்ததெல்லாம் தண்ணி'ம்பார். நான் பொட்டலம் கட்டப் போவேன். 'வேணாம் வேணாம், வழக்கமானதைக் குடு'ன்னு இதை வாங்கிட்டுப் போயிடுவார். ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்."

"ஏன்?"

"அது துணியில பட்டா போகாதும்மா. இது தண்ணியில போட்டாலே முக்காலும் போயிடும். 'வீட்டுல ஒருத்தி தேய்ச்சுத் தேய்ச்சே ஓய்ஞ்சுடுவா, அவளுக்கு எது வசதியோ அதுல எழுதிட்டுப் போறேன்'னு சொல்வார். பேனாவையாவது மாத்துங்க சார், பாதி மை தீர்ந்தா உடம்புச் சூட்டுலயே கக்குதேன்னு சொன்னேன். அதுக்கு மட்டும் பிடி குடுக்கல."

தண்ணியில போட்டாலே முக்காலும் போயிடும். பளிச்சக்கா தன் கைகளைப் பார்த்தாள். எலுமிச்சை, உப்பு, ஆறின பால், அப்புறம் ஒன்று. எதிர்வீட்டுக்காரியிடம் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த வித்தை. தெரு கொடுத்த பட்டம். அதில் பாதிக்கு மேல் இந்தக் கடையில் நின்று ஒரு மனிதர் ஆசைப்பட்ட பாட்டிலை மூடி வைத்ததால் வந்தது. ஒரு வார்த்தை சொன்னாரா? வாசலில் நின்று திட்டு வாங்கும்போதாவது, 'போகிற மைதாண்டி' என்று வாய் திறந்தாரா?

"தண்ணி இருக்கா?" என்றாள்.

கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. கைக்குட்டையை டம்ளருக்குள் அழுத்தினாள். வெளுத்த நீலம் ஒரு புகையாக எழுந்து தண்ணீரில் கலந்தது. எடுத்துப் பிழிந்து விரித்தபோது அந்த இடம் வெறும் வெள்ளை. அவளுக்கு எதிரிலேயே, அவள் கையாலேயே, அவர் இன்னொரு தடவை போய்விட்டார். சதுரப் பாட்டிலின் பொட்டு அசையவில்லை. முன்னைவிட அழுத்தமாக இருந்தது.

அவருடைய நீலம் வேண்டுமென்றுதான் வந்தாள். அது இந்த நோஞ்சான்தான். அதை நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போவதுதான் நியாயம். கை அதன்மேல் போகவும் செய்தது. ஆனால் அவர் இங்கே நின்றிருக்கிறார். இந்த மேசைக்கு முன்னால், இந்தச் சதுரப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, திரும்பத் திரும்ப.

"இது எதுக்குமே போகாதா?"

"சட்டை நைஞ்சு போனாலும் இது போகாதும்மா."

"அதையே குடுங்க. இனிமே அவர் கொஞ்சம் நல்ல மையில எழுதட்டும்."

கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மை பாட்டில் ஒன்று அந்த வீட்டு வாசலை மறுபடி தாண்டியதை எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். நம்ப முடியாமல் இரண்டு பேரிடம் சொல்லி உறுதி செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பளிச்சக்கா பேனாவில் பாதிவரை மை ஊற்றினாள். மூடியை அவரைப் போலவே சரியாகத் திருகாமல் விட்டாள். சட்டையைக் கொடியில் ஹேங்கரோடு மாட்டி, இடது பையில் பேனாவைச் செருகினாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காற்று வந்தது, சட்டை ஆடியது. வெயில் நகர்ந்து கொல்லைச் சுவருக்குப் போனது. பை வெள்ளையாகவே இருந்தது. பேனா அதற்குள், யாரோ சொல்லி வைத்த மாதிரி, வாயை மூடிக்கொண்டு நின்றது.

ஃபில்லரை எடுத்து வந்தாள். ஒரு சொட்டு போதும். பைக்கு மேலே பிடித்தாள். கை எப்படி அண்ணி வந்துச்சு உங்களுக்கு என்று அன்று கேட்டாளே, இப்போது பார்க்க வேண்டும் அவள். கை வரவே இல்லை. ஒரு துணியை வேண்டுமென்றே அழுக்காக்க அந்தக் கைக்குத் தெரியாது. அதோடு, அவளாக வைத்தால் அது அவள் வைத்த பொட்டு; அவர் கொண்டுவந்த கறை ஆகாது.

வெறும் சட்டைக்குக் கக்குகிற பேனா இல்லை அது என்று அப்போதுதான் உறைத்தது. கடைக்காரர் போகிற போக்கில் சொன்னாரே. சட்டைக்குள்ளே ஒரு நெஞ்சு வேண்டும். அது சூடாக இருக்க வேண்டும். நடக்க வேண்டும், குனிய வேண்டும், பஸ்ஸில் இடிபட வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு, நைட்டிக்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தோள் இறங்கியது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். பேனாவோடு வீட்டு வேலையைத் தொடங்கினாள். பெருக்கினாள். துடைத்தாள். கட்டிலுக்கடியில் தலையை விட்டு ஒட்டடை எடுத்தாள். குனிந்து நிமிர்ந்து தண்ணீர் பிடித்தாள். ஜன்னலைச் சாத்த மறந்திருந்தாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. "புருஷன் சட்டையைப் போட்டுக்கிட்டு வீடு துடைக்குது!" என்று எதிர்வீட்டுக்காரி போனில் சொல்ல ஆரம்பித்து, சிரிக்கலாம் என்று வாயைத் திறந்து, என்ன காரணமோ, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆபீஸ் இல்லாத நாளிலும் அந்த மாலை பஸ் உண்டு. அது தெருமுனையில் நின்று புறப்பட்ட நேரத்தில், பளிச்சக்கா வாசல்படியைக் கழுவிவிட்டு நிமிர்ந்து, ஈரக் கையைத் துடைக்கச் சட்டையைத் தொட்டாள். இடது பையின் அடியில், வெதுவெதுப்பாக, ஒரு நீலம். பொட்டாகத் தொடங்கி, அவள் பார்க்கப் பார்க்க உள்ளங்கையளவுக்கு விரிந்துகொண்டிருந்தது. புதுப் பாவாடை நீலம். வயிற்றெரிச்சல் நீலம்.

யோசித்துச் செய்ததில்லை. கதவு திறந்திருந்தது, பஸ் வந்திருந்தது, கறை இருந்தது. மற்றதை வாய் பார்த்துக்கொண்டது.

"ஏங்க! இன்னைக்குமா?"

எதிர்வீட்டுக்காரி எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு விளங்கியது. கை அடுப்புத் திருகிலேயே நின்றது.

கேட்டின் கொண்டியில் கை வைத்தபடி நாத்தனாரும் நின்றுவிட்டாள். தோளில் பை தொங்கியது. அந்தக் குரலைக் கேட்ட நொடியில் அவள் கண்கள் அண்ணியைத் தாண்டி உள்ளே ஓடி, பனியனோடு ஒரு ஆளைத் தேடிவிட்டுத் திரும்பின. அப்புறம்தான் அண்ணியை, அண்ணியின் மேலிருந்த சட்டையை, சட்டையிலிருந்த நீலத்தைப் பார்த்தாள்.

பளிச்சக்காவும் அவளைப் பார்த்துவிட்டாள். வாய் சட்டென்று மூடிக்கொண்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி, ஈரக் கையால் பையைப் பொத்திக்கொண்டாள். "வா… சட்டை உனக்குத்தான். கடைச்சட்டை மாதிரி இருக்குன்னு சொன்னியே, அதான் கொஞ்சம்…"

"கையை எடுங்க அண்ணி. தேய்ச்சுடாதீங்க."

கையை எடுத்தாள். நாத்தனார் கேட்டைத் திறக்கவில்லை. திறந்தால் எதுவோ கலைந்துவிடும் என்பதுபோல, வெளியிலேயே நின்றாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். அழுகையில் அது பாதிதான் கேட்டது. "இன்னும் கொஞ்சம் திட்டுங்க அண்ணி."

பளிச்சக்கா அந்த நீலத்தைக் குனிந்து பார்த்தாள். "உங்க பையில இருக்கறது" என்று தொடங்கினாள். நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "உங்க பையில இருக்கறது பேனாவா, குழாயா?"

எதிர்வீட்டில் தண்ணீர் கொதித்தது. டீத்தூளைப் போட்டுவிட்டு, வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரி காத்திருந்தாள். தெருவும் காத்திருந்தது. சட்டையின் மேல் பொத்தானில் பளிச்சக்காவின் விரல் ஒரு நொடி போய் நின்றது, அங்கேயே நின்றது, அப்புறம் இறங்கிவிட்டது. 'கழட்டுங்க' என்கிற மூன்றாவது வார்த்தை வரவில்லை. டீ கொதித்துக் கொதித்து, வற்றி, கறுத்துப் போயிற்று.